கேட்கக் கூடாதவர்கள் பிரிவு

அறிவியல் தரம் அறுதியிடும் வாரியத்தின் கையில் முதலில் சிமென்ட் மட்டும்தான் இருந்தது. மூட்டையைப் பிரித்து, கட்டி தட்டியிருக்கிறதா என்று விரலால் பார்த்து, முத்திரை குத்தி அனுப்புவார்கள். அப்புறம் பால் பொடி சேர்ந்தது. அப்புறம் ஹெல்மெட். மூன்றிலும் நல்ல பேர் எடுத்துவிட்டதால், மதத்தையும் சமூகத்தையும் பற்றிய ஆராய்ச்சிகளின் தரத்தைப் பார்க்கும் வேலையையும் மேலிடம் அதன் தலையிலேயே கட்டியது. வாரியம் மறுக்கவில்லை. இரண்டாவது மாடியில் ஓர் அறை சும்மாதான் பூட்டிக் கிடந்தது.

அந்த அறைக்கு முதன்முதலாக அழைக்கப்பட்டவள் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண். அக்கம்பக்கத்தில் அவளை ஆராய்ச்சிக்காரி என்பார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். குடியிருந்தது நிலையத்தின் குவார்ட்டர்ஸ். வாரியம் முத்திரை குத்தினால் வேலை நிலைக்கும், வேலை நிலைத்தால் வீடு நிலைக்கும். குத்தாவிட்டால் இரண்டும் போகும்.

அவள் செய்திருந்த ஆராய்ச்சி பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு வழிபாட்டுக் கூடம். அங்கே சில வருஷமாகப் போய்ப் போய் உட்கார்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அந்தக் கூடத்தில் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், ஒருவரும் வந்து ஆறுதல் சொல்வதில்லை. உதவி கேட்பார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேலை தெரியுமோ அந்த வேலையைக் கேட்பார்கள். தையற்காரரின் மனைவி இறந்தபோது, அடுத்த வாரமே பாதிப் பேர் கிழிந்த துணியோடு வந்தார்கள். ஒரு மாமி கிழிசல் எதுவும் அகப்படாமல் நல்ல ரவிக்கையையே படிக்கட்டில் நின்று கிழித்துக்கொண்டு வந்ததை ஆராய்ச்சிக்காரி தன் கண்ணால் பார்த்தாள். தையற்காரர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாப்பிட்டார். இப்படிப் பலரைப் பார்த்து, பலரிடம் பேசி, கடவுளைப் பற்றிப் பேசித் தேற்றுவதைவிட வேலை கேட்டுத் தேற்றுவது இவர்களிடம் நன்றாகப் பலிக்கிறது என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான்.

வாரியத் தலைவர் அதைத் தராசில் வைப்பதுபோல் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், மதம் எங்களுக்குப் புதுசுன்னு நினைச்சுக்காதீங்க. நாங்க ஹெல்மெட் பார்த்தவங்க. நம்பி மாட்டிக்கிறான். வேலை செய்யுதா இல்லையான்னு விழுந்தப்புறம்தான் தெரியும். மதமும் அதேதானே?"

"சார், நான் எழுதினது மதம் உண்மையா பொய்யான்னு இல்லை. அங்க வர்ற மனுஷங்க..."

"மனுஷங்க இருக்கட்டும். கலந்துக்கிட்டவங்க பட்டியல்ல கடவுள் பேரு இல்லையே?"

அறையில் இருந்த ஐந்தாறு பேரும் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இல்லைதான்.

"அது வழிபாட்டுக் கூடம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவர் இருந்திருந்தா ஒப்புதல் கையெழுத்து வாங்கியிருக்கணும். இல்லைன்னா, இல்லைன்னு எங்கயாவது சான்றிதழ் வாங்கியிருக்கணும். ரெண்டுல ஒண்ணு வேணுமா இல்லையா?"

சாப்பாட்டு நேரம் வரை இதே பேச்சு. கடைசியில் பால் பொடிப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் வழி சொன்னார். கடவுள் ஆய்வாளரின் கட்டுப்பாட்டில் இல்லை, எல்லார் மேலும் படுகிறார், முன்கூட்டிச் சொன்னது பெரும்பாலும் நடப்பதில்லை. ஆகவே தட்பவெப்பநிலை என்ற தலைப்பின் கீழ் சேர்த்துவிடலாம் என்றார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். மழை, வெயில், காற்றின் ஈரப்பதம், கடவுள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு ஆராய்ச்சிக்காரி வீட்டுக்கு வந்தாள்.

"கடவுளைப் பாஸ் பண்ணிட்டாங்களா?" என்றார் கணவர், கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி.

"ஈரப்பதத்துக்குப் பக்கத்துல போட்டிருக்காங்க."

"பரவாயில்லையே. நல்ல இடம்தான்."

"சிரிக்காதீங்க. இன்னும் முத்திரை குத்தல."

"லிஃப்டைப் பார்க்க வர்ற இன்ஸ்பெக்டருங்களும் இப்படித்தான். உள்ள ஏறவே மாட்டான். வெளியில நின்னு கண்ணாடி சுத்தமா இருக்கான்னு பார்ப்பான். போயிடுவான். விடு."

ஆனால் வாரியம் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை.

இரண்டாவது அமர்வில் தலைவர் சொன்னார்: "ஒரு தடவை நடந்தது செய்தி. திரும்ப நடத்திக் காட்டினாத்தான் அறிவியல். அந்தத் தையற்காரர் சம்சாரம் மறுபடி இறக்க வாய்ப்பு இருக்கா?"

"இல்லை சார்."

"இல்லைன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். வாரியம் மனிதாபிமானம் இல்லாதது இல்லை. நாங்களே ஒருத்தரை ஏற்பாடு பண்றோம்."

ஏற்பாடு செய்யப்பட்டவர் வாரியத்தின் மதிப்பீட்டாளர். ஒல்லியான, நிமிர்ந்த, எதைக் கண்டாலும் மனசுக்குள் மதிப்பெண் போடுகிற மனிதர். அலுவலகத்தில் அவர் பேர் ஸ்கேல். மனைவி இறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு கூடத்தில் போய் உட்கார வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. மனைவி உயிரோடு இருப்பதால் ஈமச் செலவு மிச்சம் என்று கோப்பில் ஓரமாகக் குறித்திருந்தார்கள்.

ஆராய்ச்சிக்காரி கூட்டிக்கொண்டு வர, ஸ்கேல் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கூடத்துக்குச் சாவி வைத்திருக்கும் அம்மா, சாவியம்மா என்றே பேர், மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க தம்பி?"

"மதிப்பீடு."

"அப்படின்னா?"

"எது நல்லா இருக்கு, எது நல்லா இல்லைன்னு சொல்லுவேன்."

சாவியம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு போய் மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். அவ்வளவுதான், ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் தன் கையெழுத்தைக் காட்டி எப்படி என்று கேட்டார். ஒருத்தி தன் இரண்டு மருமகன்களையும் கொண்டுவந்து நிறுத்தினாள். டயர் கடைக்காரர் மேலே ஏறி வந்து தன் மீசைக்கு மார்க் போடச் சொன்னார். இத்தனை வருஷத்தில் ஸ்கேலிடம் ஒருவரும் வலிய வந்து மதிப்பெண் கேட்டதே கிடையாது. அவர் வருகிறார் என்றால் மூட்டையை மறைப்பார்கள். மனிதர் மீசைக்கு எட்டு போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே கூடத்திலிருந்து ஒருவர் துக்கம் விசாரிக்க ஸ்கேலின் வீட்டுக்கு போன் செய்திருக்கிறார். எடுத்தது அவர் மனைவி.

"யாரு இறந்தது?"

"உங்க வீட்டம்மாதாங்க. நீங்க யாரு, சொந்தமா?"

"ரொம்ப நெருங்கின சொந்தம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்திருக்கிறார். அடுத்த வாரம் கணவரோடு தானும் கிளம்பிக் கூடத்துக்கு வந்துவிட்டார். சாவியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாம்மா? இப்ப உடம்புக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டதோடு சரி. இறந்தவர் எழுந்து வந்தது நல்ல சேதிதானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவமானத்தில் தலை குனிந்து நின்றது ஆராய்ச்சிக்காரி ஒருத்திதான். ஸ்கேலை அழைத்து வந்தது அவள்.

வாரியம் ஸ்கேலின் அறிக்கையை நிராகரித்தது.

"சோதனையாளருக்கு ஆறுதல் கிடைச்சிருக்கு, மறுக்கல" என்றார் தலைவர். "ஆனா துக்கமே இல்லாத ஆளுக்கு எப்படி ஆறுதல் கிடைக்கும்? எங்க அளவுகோல்ல பூஜ்யத்துக்குக் கீழ கோடு கிடையாது. அசல் துக்கம் வேணும். சாவுக்கு ஏற்பாடு பண்ண வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. காத்திருக்க அதிகாரம் இருக்கு."

காத்திருந்தார்கள். ஸ்கேல் தினமும் காலையில் கூடத்துக்கு போன் போட்டு எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். எல்லாரும் சௌக்கியம் என்றால், "சரி, பரவாயில்லை" என்பார். கூடத்தில் அவரை ரொம்பப் பாசமான மனிதர் என்று நினைத்தார்கள்.

ஒரு நாள் சாவியம்மாவின் தம்பி இறந்துபோனான். ஒரே தம்பி. மாடிப்படியில் கால் இடறி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

வாரியம் உடனே கூடியது. வேலை கேட்டதால்தான் ஆறுதல் கிடைத்தது என்று நிரூபிக்க, வேலை கேட்காமல் விட்டால் ஆறுதல் கிடைக்காது என்று காட்ட வேண்டுமாம். தையற்காரர் முதலானவர்கள் எல்லாரும் கேட்கப்பட்டவர்கள் பிரிவு. எதிர்ப் பக்கத்தில் ஆளே இல்லை. சாவியம்மாவை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை வாரியமாக முடிவு செய்தால் பாரபட்சம் ஆகிவிடும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டை எடுப்பதற்கு முன்பு தலைவர் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். பால் பொடிக்காரர் மெல்ல, "என்ன சார் வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டார். "பாரபட்சம் இல்லாம வரணும்னுதான்" என்றார் தலைவர்.

கேட்கக் கூடாதவர்கள் பிரிவு என்று வந்தது.

"மேடம், இதை நீங்கதான் அங்க போய்ச் சொல்லணும். நாலு நாளைக்கு அந்தம்மாகிட்ட யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுங்கன்னுகூடக் கேட்கக் கூடாது. அறிவியல்ல இரக்கத்துக்கு இடம் இருக்கு, ஆனா அது பின்னிணைப்புல."

"சார், அவங்க தம்பி செத்திருக்கான்."

"அதனாலதான் கேட்கறோம். சாகலைன்னா அவங்க நமக்கு உதவ மாட்டாங்களே."

அன்று வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"போகாதே" என்றார் கணவர்.

"போகலைன்னா முத்திரை இல்லை. அடுத்த மாசம் வீட்டுச் சாவியை வாங்கிக்குவாங்க."

"வாங்கிக்கட்டுமே."

"உங்களுக்கென்ன. ஒவ்வொரு வாசலாப் போய் நின்னு வாடகைக்கு வீடு கேட்கப்போறது யாரு? நம்மகூட இருக்கற எங்கம்மாவுக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது, கீழ்வீடாப் பார்க்கணும். நாலு நாள்தான் கேட்கறாங்க. நாலு நாள் யாரும் பேசாம இருந்தா என்ன ஆயிடும்?"

கணவர் அவள் தட்டைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

மறுநாள் சாவியம்மா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. ஆராய்ச்சிக்காரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை மூன்று விதமாகத் தொடங்கி, மூன்றையும் விழுங்கினாள்.

"என்ன பொண்ணே? சொல்லு."

"அம்மா, நான்... ஒண்ணு கேட்கணும். கேட்கவே வாய் வரல. நீங்க கொஞ்ச நாள் இப்படியே தனியா உட்காரணும். யாரும் உங்ககிட்ட வரக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது. என் ஆபீஸ்ல அப்படிச் சொல்லியிருக்காங்க."

சாவியம்மா அவள் முகத்தையே பார்த்தார்.

"உட்காரலைன்னா?"

"என் வேலை போயிடும்மா."

"நான் தனியா உட்கார்ந்தா வேலை நிலைக்குமா?"

"நிலைக்கும்."

"அவ்வளவுதானே. இதுக்கா இப்படி மென்னு முழுங்கறே?" சாவியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு பய கிட்ட வரமாட்டான், நான் பார்த்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார். உடைந்த பூட்டோடு வந்தவரை, "தள்ளிப் போய்யா, ஆராய்ச்சி நடக்குது தெரியலை?" என்று விரட்டினார். திறக்காத பெட்டியைத் தூக்கி வந்த மாமியைக் கண்ணாலேயே திருப்பி அனுப்பினார். பெஞ்சைச் சுற்றி ஆள் வராதபடி நாற்காலிகளைத் தானே இழுத்து வரிசையாகப் போட்டார். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நேரத்துக்குத் திரும்பி வந்து தனியாக உட்கார்ந்தார். "அந்த ஆராய்ச்சிப் பொண்ணோட வேலையாச்சே? லேட்டாப் போனா நல்லாவா இருக்கும்?" என்று மருமகளிடம் சொன்னாராம். கடைசி நாள் ஸ்கேல் வந்து முகங்கள் வரைந்த அட்டையை நீட்டினார். அழுகிற முகம் முதல் சிரிக்கிற முகம் வரை வரிசையாக இருந்தன. சாவியம்மா தம்பியை நினைத்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, நடுவுக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்தார்.

முன்பே தையற்காரரிடமும் இதே அட்டையை நீட்டியிருந்தார்கள்; அவர் விரல் வைத்த அதே இடம்.

வாரியத்தில் கைதட்டல். "கேட்டாலும் அதே இடம், கேட்காட்டியும் அதே இடம்" என்றார் தலைவர். "அதாவது, கேட்பதால் பயன் இல்லைன்னு தெளிவா நிரூபணம் ஆயிடுச்சு. மேடம், உங்க முடிவு தப்பு. ஆனா அது தப்புன்னு இவ்வளவு சுத்தமா நிரூபிச்ச ஆராய்ச்சி இந்த அறைக்கு இதுவரை வந்ததில்லை. முதல் தரம் கொடுக்கறோம்."

ஆராய்ச்சிக்காரி எழுந்து நின்றாள். "சார், அவங்ககிட்ட யாரும் எதுவும் கேட்கலைன்னு சொல்றது தப்பு. நான் கேட்டேன். தனியா உட்காருங்கன்னு நான்தான் கேட்டேன். அதைத்தான் அவங்க ஒரு வேலையா எடுத்துச் செஞ்சாங்க. அவங்களைத் தேத்தினது அதுதான். நான் எழுதினது சரி சார்."

"நீங்க ஆய்வாளர்" என்றார் தலைவர் அன்பாக. "ஆய்வாளர் மனுஷங்க கணக்குல வரமாட்டாங்க."

"சார், பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன்..."

"பாருங்க," என்று தலைவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார், "முதல் தரம் குடுத்தும் வேண்டாம்கறாங்க. எழுதிக்குங்க: ஆய்வாளரின் அடக்கம். அதுக்கு ஒரு தலைப்பு இருக்கா நம்மகிட்ட? இருக்கு? அப்ப அதுலயும் முழு மார்க்."

அவள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம். படியிறங்கும்போது கையில் சான்றிதழ் இருந்தது. அம்மாவின் முட்டிவலியும் கீழ்வீடும் நினைவுக்கு வந்து, ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடிக்காக அவள் பிறகு ரொம்ப நாள் தன்னையே வெறுத்துக்கொண்டாள்.

முத்திரை குத்திய உண்மையை வாரியம் சும்மா வைத்திருக்காது. சிமென்டாக இருந்தாலும் சரி, துக்கமாக இருந்தாலும் சரி, ஊருக்கு அறிவிப்பு அனுப்பும். எல்லா வழிபாட்டுக் கூடங்களுக்கும் போயிற்று: துக்கத்தில் இருப்போரிடம் உதவி எதுவும் கேட்கத் தேவையில்லை; அதனால் பயன் இல்லை என அறிவியல்பூர்வமாக உறுதி செய்யப்பட்டுள்ளது. அடியில் ஆய்வாளர் பெயர்.

பழைய பேப்பர்காரரின் மனைவி இறந்த செய்தி கேட்டு அவள் கூடத்துக்குப் போனபோது, கதவில் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் பசை தடவி, சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார்கள். உள்ளே பேப்பர்காரர் கடைசிப் பெஞ்சில். ஊரில் எந்தத் தெருவிலும் அவர் குரல் கேட்காத காலை கிடையாது; இப்போது வாய் லேசாகத் திறந்திருந்தது, சத்தம் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் எதிர்ச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் கையில் கயிறு கட்டிய பத்திரிகைக் கட்டு இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பழக்கத்தில் எடுத்துவிட்டிருக்கிறார். இப்போது அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார்.

"ஏம்மா யாரும் கிட்டப் போகல?" என்று சாவியம்மாவிடம் கேட்டாள்.

"நீ எழுதி அனுப்பினதுதானே? நாங்க மீறுவோமா?"

"அது தப்பும்மா. அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எழுதிட்டாங்க. போய்க் கேளுங்க."

சாவியம்மா சிரித்தார். "சும்மா சொல்லாதே. தப்பா எழுதினதுக்கா உனக்கு முதல் தரம் குடுத்தாங்க? எங்களுக்கே எவ்வளவு பெருமை தெரியுமா. என்னையே எடுத்துக்கோ. தனியாத்தானே உட்கார்ந்தேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

சுவரோரம் நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் முகத்தில் குறையே இல்லை. அவள்மேல் வைத்த நம்பிக்கையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் அவள் என்ன சொன்னாலும் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்று புரிந்தது.

அவள் பெஞ்சுக்குப் போனாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று தேடினாள். இத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்ததில் அப்படி ஒரு வார்த்தையைக்கூட அவள் கேட்டதில்லை. பேப்பர்காரர் அவளைப் பார்க்கவில்லை. அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள். "எனக்கு ஒரு உதவி வேணும். வேற யாராலயும் முடியாது."

சுவரோரத்தில் ஒரு சலசலப்பு. சாவியம்மா வாயில் கை வைத்தார்.

"அதோ அந்தக் காகிதம். ஊர்ல இருக்கிற எல்லாக் கூடத்துலயும் ஒட்டியிருக்காங்க. எங்கெங்க கூடம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெருவெல்லாம் தெரியும். ஒண்ணு விடாம வேணும் அண்ணே."

பேப்பர்காரர் நிமிர்ந்து கதவைப் பார்த்தார். பிறகு, "எடுத்துட்டா உனக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றார். குரல் கரகரத்தது.

"ஆகும்."

"ஆனாலும் எடுக்கணுமா?"

"எடுத்தே ஆகணும்."

அவர் எழுந்தார். கால் மரத்துப் போயிருந்ததால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவருகே போய் அறிவிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பசை போட்டிருக்கான் பாவி. தண்ணி வேணும். பழைய துணி ஒண்ணு வேணும். இழுத்தா பாதி பாதியாத்தான் வரும்" என்று சுவரோரத்தைப் பார்த்துச் சொன்னார். "என்னய்யா நிக்கிறீங்க? எடுத்துட்டு வாங்க."

பத்திரிகைக் கட்டை ஒளித்து வைத்திருந்தவர்தான் முதலில் ஓடினார்.

ஆராய்ச்சிக்காரி வாளியைப் பிடித்துக்கொண்டாள். காகிதம் மேலிருந்து ஊறி ஊறி உரிந்து வந்தது: அறிவியல் முதலில், முத்திரை அப்புறம், கடைசியில் அவள் பெயர். பேப்பர்காரர் அதை நாலாக மடித்துக் கோணிக்குள் போட்டுவிட்டுப் படியிறங்கினார். தெருமுனை போவதற்குள் அவர் குரல் கேட்டது. முதல் முறை உடைந்தது. இரண்டாம் முறை எல்லா மாடிகளுக்கும் கேட்டது.

அவள் அங்கேயே நின்று, வீட்டுக்குப் போய்க் கணவரிடம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய எந்தச் சாமானை முதலில் மூட்டை கட்டச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினாள்.